புதிய சரக்குப் பெட்டி கிட் வேண்டும் என்று எப்படிக் கேட்பது? – கேள்வி பதில்

அமெரிக்க ரயில்களை ஹெச்ஓ அளவில், அதாவது அசலின் 87-இல் ஒரு பங்கு மாதிரிகளாகச் செய்யும் நண்பர்கள் பலர் ஒரே விஷயத்தைத்தான் வெவ்வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். இதுவரை யாரும் கிட்டாக, அதாவது நாமே சேர்த்துக் கட்டும் பாகங்களின் தொகுப்பாகக் கொண்டுவராத ஒரு சரக்குப் பெட்டியைத் தயாரிப்பாளரிடம் எப்படிக் கேட்பது? வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

கேள்வி: சார், எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு ஹாப்பர் பெட்டியை (அடிக்கதவு வழியாகச் சரக்கைக் கொட்டும் வகை) செய்யச் சொல்லி மூன்று தயாரிப்பாளர்களுக்கு எழுதினேன். ஒருவரும் பதில் போடவில்லை. என்ன தப்பு செய்தேன்?

"அழகான பெட்டி, நிச்சயம் விற்கும்" என்று எழுதியிருப்பீர்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் எழுதினேன். தயாரிப்பாளருக்கு வேண்டியது வேறு. அந்த வகையில் எத்தனை பெட்டிகள் கட்டப்பட்டன? எத்தனை ரயில் நிறுவனங்கள் வைத்திருந்தன? எத்தனை ஆண்டுகள் ஓடின? அளவுகளோடு வரைபடம் கிடைக்குமா? இந்த நான்குக்கும் ஒரே பக்கத்தில் பதில் இருந்தால் கடிதத்தைக் கடைசிவரை படிப்பார்கள்.

பிஎஸ்-1 பாக்ஸ்காரை, அதாவது கூரையும் பக்கக் கதவும் உள்ள மூடிய சரக்குப் பெட்டியைப் பாருங்கள். புல்மன்-ஸ்டாண்டர்ட் என்ற பெட்டி தயாரிப்பு நிறுவனம் 1947-இல் தொடங்கி 1,00,000-க்கும் மேல் கட்டியது. ஏகப்பட்ட நிறுவனங்கள் வாங்கின. ஒரே அச்சை வைத்துக்கொண்டு வண்ணத்தையும் எழுத்தையும் மாற்றி ஆண்டுக்கணக்கில் விற்கலாம். உங்கள் பெட்டி அவ்வளவு பெரிய கூட்டமாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் எவ்வளவு பெரிய கூட்டம் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: அந்த எண்ணிக்கையெல்லாம் எங்கே கிடைக்கும், ஐயா?

'அஃபிஷியல் ரயில்வே எக்விப்மென்ட் ரெஜிஸ்டர்' என்ற பதிவேட்டில். ஒவ்வொரு நிறுவனமும் தன் பெட்டிகளை எண் வரிசைப்படி அதில் கொடுத்திருக்கும்: உள் நீளம், அகலம், உயரம், கதவின் அகலம், கொள்ளளவு, அந்த வரிசையில் அப்போது எத்தனை பெட்டிகள் இருந்தன என்பது வரை. பழைய இதழ்களின் மறுபதிப்புகள் உண்டு. பத்து ஆண்டு இடைவெளியில் இரண்டு இதழ்களை எடுத்து ஒரே எண் வரிசையை ஒப்பிடுங்கள். 500 பெட்டிகள் 480 ஆகியிருந்தால் அந்த வகை நன்றாக உழைத்திருக்கிறது. 60 ஆகியிருந்தால் உங்கள் முன்மொழிவு முந்தைய காலத்துக்கு மட்டும்தான் பொருந்தும். வரைபடத்துக்கு 'கார் பில்டர்ஸ் சைக்ளோபீடியா'வின் பழைய பதிப்புகளில் தேடுங்கள். அப்புறம், அந்தந்த ரயில்பாதையின் வரலாற்றுச் சங்கத்துக்கு எழுதுங்கள். தங்கள் பெட்டி கிட்டாக வரட்டும் என்று நம்மைவிட ஆசைப்படுபவர்கள் அவர்கள்.

கேள்வி: பாக்ஸ்கார்தான் எப்போதும் வருகிறது. ஹாப்பர் கேட்டால் "பிராந்தியப் பெட்டி" என்கிறார்கள். நியாயமா?

பாதி நியாயம். பாக்ஸ்கார் நாடு முழுக்கச் சுற்றியது. சொந்த நிறுவனத்தின் பாதையில் இருந்ததைவிட மற்றவர் பாதைகளில் இருந்த நாள்தான் பல பெட்டிகளுக்கு அதிகம். அதனால் பென்சில்வேனியா ரயில்ரோடின் எக்ஸ்29 வகை பாக்ஸ்காரை மேற்குக் கரைப் பாதை செய்பவரும் தயங்காமல் வாங்குவார். நிலக்கரி ஹாப்பர் சுரங்கத்துக்கும் துறைமுகத்துக்கும் மின்நிலையத்துக்கும் நடுவே ஓடியது, பெரும்பாலும் சொந்தப் பாதையிலும் பக்கத்துப் பாதைகளிலும்தான். வாங்குகிறவர் தலை குறைவு, சரிதான்.

மறு பாதியை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. எக்ஸ்29 வாங்குபவர் இரண்டோ மூன்றோ வாங்குவார். நிலக்கரி ரயில் ஓட்டுபவருக்கு ஒரே மாதிரி ஹாப்பர் இருபது வேண்டும், ஒவ்வொன்றிலும் வேறு எண் வேண்டும். ஆகவே ஹாப்பர் கேட்கும்போது வண்ணங்களை அடுக்காதீர்கள். ஒரே வண்ணத்தில் ஆறு எண்கள், ஆறு கிட் சேர்ந்த பொதி என்று கேளுங்கள். டெக்கால் தாளில், அதாவது நீரில் நனைத்து ஒட்டும் எழுத்துத் தாளில், தனி இலக்கங்களும் இருக்கட்டும். இந்தக் கோணத்தில் எழுதப்பட்ட முன்மொழிவை நான் அதிகம் பார்த்ததில்லை. எழுதிப் பாருங்கள்.

கேள்வி: பிளாஸ்டிக் கிட் கேட்பதா, ரெசின் கிட் கேட்பதா?

எத்தனை விற்கும் என்பதைப் பொறுத்தது. இன்ஜெக்‌ஷன் மோல்டிங்குக்கு, அதாவது உருகிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் அழுத்தி வார்ப்பதற்கு, எஃகு அச்சு வெட்ட வேண்டும். செலவெல்லாம் தொடக்கத்திலேயே வந்துவிடும், ஆயிரக்கணக்கில் விற்றால்தான் திரும்பும். ரெசினில் ஒரு மூலப் பிரதி செய்து, அதைச் சுற்றி சிலிகான் ரப்பர் ஊற்றி அச்சு எடுக்கிறார்கள். அந்த அச்சு சில டஜன் வார்ப்புகளிலேயே தேய்ந்துவிடும், ஆனால் புதிதாக ஊற்றச் செலவு குறைவு. ஒரே நிறுவனம் 300 பெட்டிகள் மட்டும் வைத்திருந்த வகைக்கு ரெசின்தான் சரி.

பிளாஸ்டிக்கில் கேட்பதானால் மாற்றிப் பொருத்தும் பாகங்களோடு கேளுங்கள். 1937-இன் ஏஏஆர் (அமெரிக்க ரயில் நிறுவனங்களின் சங்கம்) தர பாக்ஸ்காரில் உடல் ஒன்றாக இருந்தாலும் கதவும் முனைச் சுவரும் கூரையும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறின. யங்ஸ்டவுன், சுப்பீரியர் என்ற இரண்டு வகைக் கதவுகளும் தனித்தனிப் பாகமாக வந்தால் ஒரே அச்சிலிருந்து பல நிறுவனங்களின் பெட்டிகள் பிறக்கும்.

கேள்வி: உயரத்தில் அரை அடி வித்தியாசம் என்பதற்காக ஒரு கிட்டை வேண்டாம் என்றீர்களாமே? மாதிரியில் அது தெரியவா போகிறது?

தெரியும். உள் உயரம் 10 அடி உள்ள பெட்டியும் 10 அடி 6 அங்குலம் உள்ள பெட்டியும் ஹெச்ஓ அளவில் 1.75 மி.மீ. வேறுபடும். இரண்டையும் அடுத்தடுத்து இணைத்துக் கூரை வரிசையைப் பாருங்கள். நான் ஒதுக்கிய கிட்டில், உயரமான உடலின்மேல் குட்டைப் பெட்டியின் எண் வரிசை அச்சிட்டிருந்தது. பதிவேட்டை ஒரு தடவை புரட்டியிருந்தால் அந்தப் பிழை நேர்ந்திருக்காது.

கேள்வி: எந்த ஆண்டுக்கான பெட்டி என்று குறிப்பிட வேண்டுமா?

கட்டாயம். 1918-இன் யுஎஸ்ஆர்ஏ பெட்டிகள் (முதல் உலகப் போரின்போது ரயில்களை நடத்திய அமெரிக்க அரசு நிர்வாகத்தின் வடிவமைப்பு) 'கே' வகை காற்று பிரேக்கோடு வந்தன. 1930-களில் 'ஏபி' பிரேக் வந்தது. 1953-க்குப் பிறகு கே பிரேக் உள்ள பெட்டியை வேறு நிறுவனத்தின் பாதைக்கு அனுப்ப முடியாது. 1966-க்குப் பிறகு புதிய பாக்ஸ்கார்களில் கூரை நடைபலகை கிடையாது. ஆகவே இரண்டு பிரேக்கின் பாகங்களும் கிட்டிலேயே இருக்கட்டும், நடைபலகை தனிப் பாகமாக இருக்கட்டும் என்று கேளுங்கள். சின்னச் செலவில் வாங்குபவர் வட்டம் பெரிதாகும்.

கேள்வி: தட்டைப் பெட்டி, அதாவது ஃபிளாட்கார் கேட்கப்போகிறேன். கவனிக்க வேண்டியது?

எடை. என்எம்ஆர்ஏ என்ற அமெரிக்க மாதிரி ரயில் சங்கத்தின் பரிந்துரைப்படி ஹெச்ஓ பெட்டிக்கு அடிப்படை 1 அவுன்ஸ், அதோடு நீளத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். 6 அங்குலப் பெட்டிக்கு 4 அவுன்ஸ், ஏறக்குறைய 113 கிராம். பாக்ஸ்காருக்குள் எடையை ஒளித்துவிடலாம், ஃபிளாட்காரில் எங்கே ஒளிப்பது? அடிச்சட்டத்தை உலோக வார்ப்பாகவே கேளுங்கள்.

கேள்வி: ஓட்டத் தயாரான பெட்டிகள் இவ்வளவு வரும்போது கிட் யார் வாங்குவார்கள், அண்ணா?

நான் வாங்குவேன், தம்பி. அசல் பெட்டியின் கைப்பிடிக் கம்பி குறைந்தது ஐந்தெட்டாம் அங்குலத் தடிமன் என்பது விதி. ஹெச்ஓ அளவில் அது 0.18 மி.மீ. அதை பிளாஸ்டிக்கில் வார்ப்பது கடினம், அதனால் தடிமனாக வார்த்துவிடுகிறார்கள். கிட்டில் துளையிட்டு மெல்லிய கம்பியை நானே வளைத்து வைக்கலாம். எந்த ஆண்டுப் பெட்டி, எவ்வளவு துரு, எந்த பிரேக் என்பதையும் நானே முடிவு செய்கிறேன். அந்த வேலைக்காகத்தான் இந்தப் பொழுதுபோக்குக்கே வந்தேன்.

கேள்வி: நானே முப்பரிமாண வரைவு செய்து அனுப்பலாமா?

அனுப்பலாம். ஆனால் எந்த அளவு வரைபடத்திலிருந்து வந்தது, எது புகைப்படத்திலிருந்து கணித்தது என்று இரண்டு நிறத்தில் பிரித்துக் காட்டுங்கள். கணித்ததை அளந்ததாகக் காட்டினால் அடுத்த கடிதத்தை நம்ப மாட்டார்கள்.