அடுத்து என்ன பாட்டு?

கேள்வி: என் மகன் ஒரு பென்டிரைவில் ஆயிரக்கணக்கான பழைய பாடல்களைப் பதிந்து கொடுத்திருக்கிறான். இருந்தும் கொடைக்கானல் பண்பலையில் எப்போது பழைய பாடல் போடுவார்கள் என்றுதான் மனம் காத்திருக்கிறது. இரண்டும் ஒரே பாடல்தானே?
– ஒரு வாசகர், பெரியகுளம்

பதில்: பாடல் ஒன்றுதான், அது உங்களிடம் வந்து சேரும் விதம்தான் வேறு. பென்டிரைவில் இருப்பதை நீங்களே தேடி எடுக்கிறீர்கள். எடுப்பதற்குள் பல்லவி மனத்துக்குள் ஒருமுறை ஓடி முடிந்துவிடுகிறது. வானொலியிலோ, அறிவிப்பாளர் படத்தின் பெயரையும் இசையமைப்பாளரையும் கவிஞரையும் பாடியவர்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வர, எந்தப் பாட்டாக இருக்கும் என்று ஊகித்துக்கொண்டே இருந்து, முன்னிசையின் முதல் வயலின் வீச்சில் "அட, இதுவா!" என்று நிமிர்ந்து உட்காருகிறோமே, அந்த அரை நிமிடத்தை எந்தப் பென்டிரைவிலும் பதிய முடியாது.

எங்கள் தெருமுனையில் ஒரு தையற்கடை உண்டு. தையற்காரரின் தலைக்கு மேலே, பலகைத் தட்டில், உறையின் பொத்தான்கள் அறுந்துபோன ஒரு சிறிய வானொலிப் பெட்டி இருக்கும். மனத்துக்குப் பிடித்த பாட்டு வந்துவிட்டால் அவர் மிதிப்பலகையிலிருந்து காலை எடுத்துவிடுவார். சரணம் முடியும் வரையில் ஊசி துணியிலேயே குத்தி நிற்கும். ரவிக்கை வாங்க வந்தவர்களும் அவசரப்படுத்துவதில்லை. அவர் கைப்பேசியிலும் அந்தப் பாடல்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அவற்றுக்காக அவர் காலைத் தூக்கி நான் பார்த்ததில்லை.

கொடைக்கானல் நிலையத்துக்கு இன்னொரு பலமும் இருக்கிறது. பண்பலை ஏறக்குறைய வெளிச்சத்தைப் போல நேர்க்கோட்டில் செல்வது. இரண்டாயிரம் மீட்டருக்கும் அதிகமான உயரத்திலிருந்து 100.5 மெகாஹெர்ட்ஸில் புறப்படும் ஒலி தேனி, திண்டுக்கல், மதுரைச் சமவெளிகளைத் தடையின்றி எட்டுகிறது. நீங்கள் கேட்கும் அதே நொடியில் போடியின் ஒரு தேநீர்க் கடையிலும், நெடுஞ்சாலையில் போகும் ஒரு சரக்கு லாரியிலும் அதே குரல் ஒலித்துக்கொண்டிருக்கலாம். தனியாகக் கேட்டாலும் தனியாகக் கேட்பது போலத் தோன்றாததற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

கேள்வி: "சிலோன் ரேடியோ இல்லையென்றால் நமக்குப் பழைய பாட்டே இல்லை" என்கிறார் என் தந்தை. கொஞ்சம் மிகையாகத் தோன்றுகிறதே?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: மிகைதான், ஆனால் பொய்யல்ல. 1952இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி.கேஸ்கர், திரைப்பாடல்கள் மக்களின் ரசனையைக் கெடுக்கின்றன என்று கருதி, அகில இந்திய வானொலியில் அவற்றுக்கு இருந்த நேரத்தைக் கடுமையாகக் குறைத்தார். நேயர்கள் கர்நாடக இசைக்கு மாறிவிடவில்லை. முள்ளைத் திருப்பிக் கொழும்பில் வைத்துவிட்டார்கள். இரண்டாம் உலகப் போரின்போது நேசநாட்டுப் படைகளுக்காக அங்கே நிறுவப்பட்டிருந்த ஆற்றல் மிக்க சிற்றலைப் பரப்பி, போருக்குப் பின் இலங்கை வானொலியின் கைக்கு வந்திருந்தது. எஸ்.பி.மயில்வாகனன், பின்னாளில் கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீத் ஆகிய அறிவிப்பாளர்களின் குரல்கள் தமிழ்நாட்டு வீடுகளில் உறவினர்களின் குரல்களைப் போலப் பழகின. காலையில் "பொங்கும் பூம்புனல்" நிகழ்ச்சி ஒலித்தால் பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று பொருள். டில்லி தன் பிழையை உணர்ந்து, திரைப்பாடல்களுக்கு இடம்தரும் விவித் பாரதி ஒலிபரப்பைத் தொடங்கிய நாள் 3 அக்டோபர் 1957.

தொழில்நுட்பமும் கைகொடுத்தது. அன்றைய சிற்றலையிலும் மத்திய அலையிலும் மிகக் கீழ்ச் சுருதியும் மிக மேல் சுருதியும் தேய்ந்துபோகும். மனிதக் குரலின் எல்லை மட்டும் தெளிவாக மிஞ்சும். அக்காலத் திரைப்பாடல்களில் குரல் முன்னால் நிற்கும், வாத்தியங்கள் ஒதுங்கி நின்று துணை செய்யும். எனவே கரகரக்கும் பெட்டியிலும் டி.எம்.சௌந்தரராஜனின் உச்சரிப்பிலோ பி.சுசீலாவின் குழைவிலோ ஒன்றும் குறைந்துபோகவில்லை. இன்றைய பாடல்களின் அதிரும் அடிநாதத்தை அந்தப் பெட்டியில் கேட்டால் தகரம் தட்டுவது போலத்தான் இருக்கும்.

கேள்வி: எனக்கு வயது 22. நான் பிறப்பதற்கு முன் வந்த இளையராஜா பாடல்களை விரும்பிக் கேட்கிறேன். தோழிகள் "பாட்டி" என்று கேலி செய்கிறார்கள், தாத்தாவோ "இதெல்லாம் பழைய பாட்டா?" என்று சிரிக்கிறார்!
– ஒரு வாசகி, கோவை

பதில்: தோழிகளைப் பொருட்படுத்த வேண்டாம். அமெரிக்காவில் இருபது வயதை ஒட்டியவர்களுக்கு 1955 முதல் 2009 வரை வெளியான பாடல்களைப் போட்டுக்காட்டிச் செய்யப்பட்டு, 2013இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், தங்கள் பெற்றோர் இளமையில் கேட்டிருக்கக்கூடிய எண்பதுகளின் பாடல்களும், அதற்கும் முந்தைய அறுபதுகளின் பாடல்களும் அவர்கள் மனத்தைத் தனியாக ஈர்த்திருந்தன. வீட்டில் ஒலிப்பது பிள்ளைகளின் காதிலும் தங்கிவிடுகிறது. உங்கள் அம்மா சமைக்கும்போது வானொலியை நிறுத்தியிருக்க மாட்டார் என்று ஊகிக்கிறேன்.

தாத்தாவிடம் மட்டும் ஒரு கணக்குச் சொல்லுங்கள். 1985இல் வந்த பாடலுக்கு இப்போது நாற்பது வயது ஆகிவிட்டது. 1985இலிருந்து அதே நாற்பது ஆண்டுகள் பின்னால் போனால் 1945, எம்.கே.தியாகராஜ பாகவதர் சிறையில் இருந்த ஆண்டு. அந்த 1985இல் வானொலியில் பாகவதர் பாட்டு வந்தபோது உங்கள் தாத்தா உட்கார்ந்து ரசித்தாரா, எழுந்து போய் முள்ளைத் திருப்பினாரா என்று கேட்டு எழுதுங்கள்.