இசைத்தட்டின் பக்கக் கடைசியில் 'ஸ' ஒலி உடைகிறதா? முதலில் ஊசியைப் பாருங்கள்

தட்டைத் திருப்பி அனுப்ப வேண்டாம். அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் டவுன்ஸ் வான் ஸான்ட்டின் 'லைவ் அட் த ஓல்ட் குவார்ட்டர்' தட்டில் ஒவ்வொரு பக்கமும் கடைசிப் பாட்டில் மட்டும் 'ஸ' ஒலி கரகரக்கிறது என்றால், பெரும்பாலும் கார்ட்ரிட்ஜின் (ஊசியைத் தாங்கும் பாகம்) கோணம் பிசகியிருக்கிறது.

எல்பி தட்டின் (லாங் ப்ளே) வெளி விளிம்பில் ஊசிக்கடியில் விநாடிக்குச் சுமார் 50 செ.மீ. பள்ளம் ஓடும், லேபிள் பக்கம் வரும்போது அது 21 செ.மீ. அளவுக்குக் குறைந்துவிடும், ஒலி அவ்வளவு நெருங்கிப் பதிந்த இடத்தில் சின்னப் பிசகுகூட ஒற்றைக் குரலும் கிட்டாரும் மட்டும் உள்ள தட்டில் அப்பட்டமாகக் கேட்கும்.

1. ஊசி நுனியைத் துடையுங்கள்.
2. ப்ரொட்ராக்டர் (கோணம் பார்க்கும் கோடு போட்ட அட்டை) வைத்துக் கோணத்தைச் சரிசெய்யுங்கள். பிரிண்ட் எடுத்ததென்றால் அளவு மாறாமல் வந்திருக்கிறதா என்று ஸ்கேலால் அளந்துவிடுங்கள், பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.
3. அப்புறமும் கரகரத்தால், வேறு தட்டின் கடைசிப் பாட்டைப் போடுங்கள். அது சுத்தமாக இருந்தால் உங்கள் பிரதியில்தான் கோளாறு, அப்போது தாராளமாக மாற்றிக் கேட்கலாம்.

ஒன்று மட்டும். 1973 ஜூலையில் ஹூஸ்டனில் ஒரு சின்ன மதுக்கடையில், நெரிசலான கூட்டத்துக்கு நடுவே பதிவானது இது, 1977இல்தான் வெளியானது. புட்டிகள் உரசும் சத்தமும் கூட்டத்தின் சலசலப்பும் பதிவிலேயே உள்ளவை, எனக்கு அவை இல்லாமல் இந்தத் தட்டே இல்லை. அவற்றைப் போக்க ஊசியின் எடையை ஏற்றிவிடாதீர்கள்.