பதினாலாவது வளைவும் ஓடிபியும்

கெட்ட கனவு பற்றிய சந்தேகங்களை அனுப்புங்கள் என்று போன மாதம் கேட்டிருந்தேன். வந்ததில் பாதி ஏடிஎம் கார்டு பற்றி. விலாசம் மாறி வந்துவிட்டதோ என்று முதலில் நினைத்தேன். படிக்கப் படிக்கத்தான் புரிந்தது, பணம் போன இடத்தில் தூக்கமும் சேர்ந்து போயிருக்கிறது. சேலத்தில் மனநல மருத்துவம் பார்ப்பவன் நான். வங்கி விவகாரம் அவ்வளவாக வராது. அதனால் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற நண்பருக்கு ஒரு தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். வந்த கடிதங்களும் என் பதில்களும் இதோ.

சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். கார்டு காலாவதியாகிறது என்று வங்கியிலிருந்து பேசுவதுபோல ஒருவன் பேசினான். ஓடிபியைச் சொல்லிவிட்டேன். 48,000 ரூபாய் போச்சு. ஆறு நாளாகிறது, வீட்டில் யாருக்கும் தெரியாது. தினமும் பட்டறைப் பூட்டை யாரோ உடைப்பதுபோல் கனவு. விடிகாலை நாலு மணிக்கு வியர்த்து எழுந்துவிடுகிறேன். தூக்க மாத்திரை எழுதித் தருவீர்களா?

மாத்திரை அப்புறம். கார்டை பிளாக் செய்தீர்களா? உங்கள் கடிதத்தில் அதைக் காணோம். முதலில் அதைச் செய்துவிட்டு, சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். திருடனின் கணக்கிலிருந்து பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்கி வைக்கத்தான் அந்த எண். முதல் ஒரு மணி நேரத்துக்குள் பேசியிருந்தால் நல்லது. ஆறு நாள் கழித்துப் பேசினால் வாய்ப்பு குறைவு, ஆனால் பேசாவிட்டால் வாய்ப்பே இல்லை. அந்தப் புகார் எண்ணோடு கிளைக்குப் போய் எழுத்தில் கொடுத்து, முத்திரை போட்ட நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.

நண்பர் ஒன்றை மறைக்காமல் சொல்லச் சொன்னார். ஓடிபியை நாமே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போன பணம் நம்முடைய நஷ்டம். தெரிவித்த பிறகு ஏதாவது போனால்தான் அது வங்கியின் தலையில். அதனால்தான் இன்றைக்கே போகச் சொல்கிறேன்.

இனி கனவு. எடையில் அரை கிராம் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடும் ஆளாக இருப்பீர்கள். அப்படிப்பட்டவர்களுக்குத்தான் 'நானா ஏமாந்தேன்?' என்பது பணத்தைவிடப் பெரிய அடி. வக்கீல், பேராசிரியர் எல்லாம் இதே கதையோடு என் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் மட்டும் என்ன? சில வருடத்துக்கு முன் ஒரு ஏடிஎம்மில் கார்டு சிக்கிக்கொண்டது. பின்னால் நின்ற பையன், "சார், இப்படி இழுங்க" என்று எடுத்துக் கொடுத்தான். அதே வங்கி, அதே நீல நிறம். எதிர்க்கடையில் டீ ஆறுவதற்குள் போனில் இரண்டு செய்தி, பத்தாயிரம், பத்தாயிரம். கையில் இருந்தது வேறு யாருடைய கார்டோ. மனைவியிடம் சொல்ல எனக்கு மூன்று நாள் ஆனது. அந்த மூன்று ராத்திரியும் அந்தப் பையன் கனவில் வந்தான். சொன்ன அன்று அரை மணி நேரம் திட்டு விழுந்தது, ராத்திரி தூக்கம் வந்தது.

பகலில் பூட்டி வைப்பதைத்தான் ராத்திரி யாரோ உடைக்கிறார்கள். இன்றைக்கே வீட்டில் சொல்லிவிடுங்கள். ஒரு மாதம் கழித்தும் கனவு நிற்காவிட்டால் நேரில் வாருங்கள், மாத்திரை பற்றி அப்போது பேசலாம்.

ஏற்காடு மலைப்பாதையில் போன வருடம் எங்கள் ஜீப் தடுப்புச் சுவரில் மோதியது. யாருக்கும் பெரிய அடி இல்லை. ஆனால் வாரத்துக்கு நாலு நாள் அதே கனவு: பதினாலாவது வளைவு, பிரேக் பிடிக்கவில்லை. தூங்கவே பயமாக இருக்கிறது. எஸ்டேட்டில் வேலை, மலை இறங்காமல் முடியாது.

இதற்கு நல்ல வைத்தியம் இருக்கிறது, அது பலருக்குத் தெரியாததுதான் எனக்கு வருத்தம். கனவை மாற்றி எழுதுவது. கேட்டால் சிறுபிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் பேரி க்ராகோ என்ற அமெரிக்க மருத்துவரின் குழு, பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்து, கெட்ட கனவு குறைவதையும் தூக்கம் சீராவதையும் 2001-ல் ஆய்வாகவே வெளியிட்டது.

பகலில், வெளிச்சத்தில், ஒரு நோட்டை எடுத்துக் கனவை எழுதுங்கள். படுக்கையில் வேண்டாம். பிறகு அதே கனவை உங்கள் இஷ்டப்படி மாற்றுங்கள். என்னிடம் வந்த ஒரு டிரைவர், வளைவில் வண்டி தானாக நிற்பதுபோல் எழுதினார். இறங்கிப் பார்த்தால் பாதையோரம் ஒரு கிழவி பலாச்சுளை விற்கிறாள், பேரம் பேசி வாங்கித் தின்றுவிட்டுக் கிளம்புகிறார். நம்பும்படி இருக்க வேண்டியதில்லை, உங்களுக்குப் பிடித்திருந்தால் போதும். அந்தப் புதுக் கனவை மட்டும் தினமும் பத்து, இருபது நிமிடம் கண்ணை மூடி ஓட்டிப் பாருங்கள். பழையதை ஓட்ட வேண்டாம்.

சில வாரம் பிடிக்கும். டிரைவருக்கு முதலில் கிழவி வரவில்லை. பிரேக் மட்டும் பாதி பிடித்தது. அதுவே ஆரம்பம். கனவு எழுதும்போதே படபடப்பு தாங்கவில்லை என்றால் தனியாகச் செய்யாதீர்கள். எங்களைப் போன்ற யாராவது பக்கத்தில் இருக்கட்டும், அல்லது 14416-ல் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணின் ஆலோசகரிடம் தமிழிலேயே பேசுங்கள், கட்டணம் இல்லை. தூங்குவதற்காக ஒரு கட்டிங் போடுவதாகக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். அதை விடுங்கள். முதல் பாதி ராத்திரிக்குக் கனவை அமுக்கி வைத்து, பின்பாதியில் வட்டியோடு திருப்பிக் கொடுப்பதுதான் மதுவின் வேலை.

கார்டு என் பையில்தான் இருந்தது. யாரிடமும் எந்த எண்ணும் சொல்லவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு ஏதோ வெளிநாட்டுக் கடையில் 9,200 ரூபாய்க்குப் பொருள் வாங்கியதாகச் செய்தி. இது எப்படி? (சூரமங்கலம்)

வெளிநாட்டு இணையக் கடைகள் பலவற்றில் ஓடிபி கேட்பதில்லை. எங்கோ கசிந்த கார்டு விவரங்கள் போதும். உங்கள் நிலைமை முதல் கடிதக்காரரைவிட நல்லது. 2017 ஜூலை 6-ந் தேதி ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, உங்கள் தவறும் இல்லை, வங்கியின் தவறும் இல்லை என்றால், செய்தி வந்த மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்தால் உங்களுக்கு நஷ்டமே கிடையாது. நாலு முதல் ஏழு நாள் ஆனால், சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000. பத்து வேலை நாளுக்குள் வங்கி தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்கவும் வேண்டும். 'நீங்கள்தான் வாங்கியிருப்பீர்கள்' என்று கவுன்டரில் சொன்னால், நிரூபிக்க வேண்டியது வங்கி. பிறகு வங்கியின் செயலிக்குள் போய் வெளிநாட்டுப் பயன்பாட்டை அணைத்து வையுங்கள்.

கண் சரியாகத் தெரியவில்லை, வயது 74. பக்கத்து வீட்டுப் பையனிடம் கார்டும் பின் நம்பரும் கொடுத்துத்தான் பென்ஷன் எடுக்கிறேன். தப்பா? (ஓமலூர்)

பையன் நல்லவனாகவே இருக்கட்டும், பின் நம்பரைக் கொடுத்தது தப்புதான். 70 வயது தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே வந்து பணம் தரும் ஏற்பாட்டைச் செய்யச் சொல்லி ரிசர்வ் வங்கி 2017-லேயே அறிவுறுத்தியிருக்கிறது. கிளையில் கேளுங்கள். பின் நம்பரை இன்றே மாற்றுங்கள்.

ஆறு வயது மகன் படுத்த ஒன்றரை மணி நேரத்தில் வீறிட்டு எழுந்து உட்காருகிறான். கண் திறந்திருக்கிறது, எங்களை அடையாளம் தெரியவில்லை. காலையில் ஒன்றும் ஞாபகமில்லை. மந்திரித்துக் கயிறு கட்டியாயிற்று. (அம்மாபேட்டை)

இது கனவே அல்ல, ஆழ்ந்த தூக்கத்திலிருந்து பாதி விழிப்பது. கயிறு இருந்துவிட்டுப் போகட்டும். உலுக்கி எழுப்பாமல், விழுந்துவிடாமல் பார்த்துக்கொண்டால் தானாக அடங்குவான். அரை மணி முன்னதாகப் படுக்க வையுங்கள், தூக்கம் போதாத குழந்தைக்குத்தான் இது அதிகம் வரும். பெரும்பாலும் வளர வளரப் போய்விடும். கை கால் வெட்டி இழுத்தால் மட்டும் உடனே டாக்டரிடம்.

அப்பாவுக்கு 66. தூக்கத்தில் மாட்டை விரட்டுவதுபோல் கத்துகிறார், கையை வீசுகிறார். அம்மா கையில் காயம். (ஆத்தூர்)

கனவு காணும்போது உடம்பு அசையாமல் பூட்டிக்கொள்ள வேண்டும். அவருக்கு அந்தப் பூட்டு தளர்ந்திருக்கலாம். நரம்பியல் மருத்துவரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடாதீர்கள். சிலருக்குப் பார்க்கின்சன் நோய் வருவதற்குப் பல வருடம் முன்பே இப்படி ஆரம்பிக்கும், சிலருக்கு மாத்திரையால் வரும். அவர் சாப்பிடும் எல்லா அட்டைகளையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். அதுவரை அவர் தரையில் மெத்தை போட்டுப் படுக்கட்டும், அம்மா தனியே. அந்தக் காயத்தையும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.