வயலில் பிடிபட்ட மலைப்பாம்புக் குட்டி சின்னதாகவே இருக்குமா?

இலங்கையின் அக்கரைப்பற்றில் வயலில் பிடிபட்ட இரண்டடி மலைப்பாம்பை, அளவு சின்னது என்பதால் வீட்டில் வளர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வளர்க்க வேண்டாம். முட்டையை விட்டு வரும்போதே அது ஏறக்குறைய அந்த நீளம்தான். வளர்ந்தால் பத்தடியையும் தாண்டும். தீனியைக் குறைத்தால் வளராது என்று சிலர் சொல்வார்கள். பாம்பு மெலிந்து நோயில் விழும், அவ்வளவுதான். வெளிநாடுகளில் வீட்டில் அதிகம் வளர்ப்பது பந்து மலைப்பாம்பு, அது வேறு இனம். நான்கைந்து அடியோடு நின்றுவிடும். நம் நாட்டு மலைப்பாம்பு சட்டப் பாதுகாப்பில் உள்ளது, பிடித்து வைத்திருப்பதே குற்றம்.

அதைவிட அவசரமானது, அது மலைப்பாம்புதானா என்பது. கொடிய விஷமுள்ள கண்ணாடிப் புடையனை (கண்ணாடி விரியன்) மலைப்பாம்புக் குட்டி என்று நினைத்துத் தூக்கினால் உயிருக்கே ஆபத்து. புடையனின் முதுகில் ஓரம் கறுத்த நீள்வட்டங்கள் சங்கிலிபோல் வரிசையாக ஓடும். மலைப்பாம்பின் திட்டுகள் பெரிதும் சிறிதுமாக, ஒழுங்கில்லாமல் இருக்கும். சந்தேகம் இருந்தால் புடையன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியில் இருந்தால் திறக்காமல், காற்று போக விட்டு, நிழலில் வையுங்கள். தீனி கொடுக்க வேண்டாம்; தின்றபின் அசைத்தால் கக்கிவிடும். வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு உடனே அழையுங்கள்.