“எங்கே கரையைக் கடக்கும்?” என்பதோடு நிறுத்தாதீர்கள்: புயல் நேரக் கேள்வி பதில்

இப்போதைய நிலவரம்: தென்மேற்கு வங்கக் கடலில் இருக்கும் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் வட தமிழகக் கரையை நோக்கி வருகிறது. சென்னைக்கும் கடலூருக்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் கரையேறலாம். அதிகாரபூர்வ எச்சரிக்கை என்றால் அது வானிலை ஆய்வு மையம் சொல்வதுதான். அதைப் புரிந்துகொள்ள நான் உதவுகிறேன். கேளுங்கள்.

வேளச்சேரி: சார், சென்னையா, பாண்டியா? எங்க கரையைக் கடக்கும்?

கடக்கிற இடம் தெரிந்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறோம். வேளச்சேரிக்காரரான உங்களுக்கு 2023 டிசம்பர் நினைவிருக்கும். மிக்ஜாம் புயல் கரையைக் கடந்தது ஆந்திராவின் பாபட்லா பக்கம், டிசம்பர் 5ஆம் தேதி. அதற்கு முந்தைய இரண்டு நாளில் சென்னைக்கு நேர் கிழக்கே கடலுக்குள் இருந்தபடியே, மெதுவாக நகர்ந்துகொண்டே நகரத்தை மூழ்கடித்தது. மையம் சென்னைக்குள் வரவே இல்லை.

2016 வர்தா இதற்கு நேர்மாறு. டிசம்பர் 12 பிற்பகல் சென்னை மேலேயே ஏறி, வேகமாகக் கடந்து போனது. ஆயிரக்கணக்கில் மரங்கள் சாய்ந்தன, நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ஆனால் முந்தைய ஆண்டு மாதிரி வெள்ளம் வரவில்லை. 2024 ஃபெஞ்சல் காற்றளவில் பெரிய புயல் கிடையாது. கரையேறியதும் புதுச்சேரிப் பக்கம் நகராமல் நின்றுவிட்டது. ஒரே நாளில் புதுச்சேரியில் 48 செ.மீ.க்கு மேல் கொட்டியது.

அதனால் அறிக்கை வந்ததும் முதலில் அது மணிக்கு எத்தனை கிலோமீட்டர் நகர்கிறது என்று பாருங்கள். மணிக்கு 15, 20 என்றால் காற்றுக்குத் தயாராகுங்கள். 5, 6 என்று குறைந்தாலோ, “ஏறக்குறைய நிலைகொண்டுள்ளது” என்று வந்தாலோ தண்ணீருக்குத் தயாராகுங்கள். உங்கள் பகுதியில் கீழ்த்தள வீடு என்றால் வண்டி, கேஸ் சிலிண்டர், பத்திரங்கள் மூன்றையும் இன்றைக்கே மேலே ஏற்றிவிடுங்கள்.

தாம்பரம், கல்லூரி மாணவர்: அண்ணா, புயல் வருதுங்கறாங்க. இங்க வானம் பளிச்னு இருக்கு, தாங்க முடியாத புழுக்கம். திசை மாறிடுச்சா?

இல்லை தம்பி. புயலின் நடுவில் மேலே ஏறுகிற காற்று எங்கேயாவது கீழே இறங்கியாக வேண்டும். அது இறங்குகிற இடம் புயலின் வெளி விளிம்பு. இறங்கும் காற்று மேகம் சேர விடாது. அதனால்தான் ஒரு நாள் முன்னால் இந்த வெயிலும் புழுக்கமும். அடுத்து உயரத்தில் கீற்று மேகங்கள் நூல் நூலாகக் கிழக்கிலிருந்து பரவும். பிறகு மழைப் பட்டைகள் வரும்: பத்து நிமிடம் அடித்து ஊற்றும், சட்டென்று நிற்கும், அரை மணியில் மறுபடி. ஒவ்வொரு முறையும் இடைவெளி குறைந்துகொண்டே வந்தால் மையம் நெருங்குகிறது.

குரோம்பேட்டை: நாளைக்கு ஸ்கூல் லீவா?

மாவட்ட ஆட்சியர் அறிவிப்பார்.

கடலூர் முதுநகர், படகு உரிமையாளர்: தம்பி, காத்து அடிச்சா கரண்ட் போயிடும், டவரும் போயிடும். அப்புறம் புயல் எங்க இருக்குன்னு நாங்க எப்படித் தெரிஞ்சுக்கறது?

இதுவரை வந்ததிலேயே முக்கியமான கேள்வி ஐயா. விரிவாகச் சொல்கிறேன்.

நம் பக்கம் புயல் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். அதனால் காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் மையம் உங்கள் இடது கைப் பக்கம் இருக்கும், சற்று முன்தள்ளி. கட்டடச் சந்தில் நின்று பார்த்தால் தப்பாகக் காட்டும். மாடி வராந்தாவிலிருந்து தென்னங்கீற்று எந்தப் பக்கம் வளைகிறது என்று பாருங்கள்.

புயல் கிழக்கே இருக்கும்வரை உங்களுக்கு வாடை, அதாவது வடக்கத்திக் காற்று. அது எப்படித் திரும்புகிறது என்பதில்தான் விஷயம். வாடை மெல்லக் கொண்டலாகி, அதாவது கிழக்குக் காற்றாகி, பிறகு தென்கிழக்கானால் மையம் உங்களுக்குத் தெற்கே கரையேறுகிறது. அப்போது காற்று கடலைக் கரை மேல் தள்ளும். ஆறும் கடலில் வடியாது, கெடிலம் முகத்துவாரத்தில் தண்ணீர் திரும்பி ஏறும். தாழ்வான இடத்தில் இருப்பவர்களுக்கு இதுதான் மோசமான பக்கம். வாடை வடமேற்காகி, மேற்காகித் தென்மேற்கில் முடிந்தால் மையம் வடக்கே போகிறது. காற்று நிலத்திலிருந்து கடலுக்கு அடிப்பதால் கடல் ஏறுவது குறைவு. அதற்காக நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். 2011 தானே புயலில் உங்கள் மாவட்டத்து முந்திரியையும் பலாவையும் சாய்த்தது காற்றுதான்.

திசையே மாறாமல் வேகம் மட்டும் கூடிக்கொண்டே போனால், நேராக உங்களை நோக்கி வருகிறது. அப்போது திடீரென்று காற்று அடங்கும், மழை நிற்கும், வானம் வெளுக்கும். அது புயலின் கண். வெளியே வராதீர்கள். கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து அதே வேகத்தில் அடிக்கும். முதல் காற்றில் பாதி சாய்ந்து நிற்கும் மரமும் தகரமும் விழுவது அப்போதுதான்.

கோட்டக்குப்பம்: சார் எங்க கடக்கும்னு கரெக்டா சொல்லுங்க.

முதல் பதிலைப் படியுங்கள்.

நாகை அக்கரைப்பேட்டை: அண்ணே, எங்க அப்பா கடல் ஓட்டத்தப் பாத்தே புயல் வருதுன்னு சொல்லிடுவாரு. சாட்டிலைட்டுக்கு முன்னாடி நாங்க எல்லாம் செத்தா போயிட்டோம்?

அண்ணா நகர்: இதெல்லாம் மூடநம்பிக்கை. இந்தக் காலத்துல அலையப் பாத்து யாராவது கடலுக்குப் போவாங்களா?

அக்கரைப்பேட்டை: நீங்க ஏசி ரூம்ல இருந்து பேசறீங்க. ஒரு நாள் கடலுக்கு வாங்க.

இருவரும் கொஞ்சம் நில்லுங்கள். அலையைப் பார்ப்பது மூடநம்பிக்கை இல்லை. தூரத்துப் புயல் கிளப்பும் பேரலைகள் புயலை முந்திக்கொண்டு வரும். உள்ளூரில் காற்றே இல்லாதபோது நீண்ட இடைவெளி விட்டு, நிதானமாக, கனத்த அலை வந்து உடைந்தால் தொலைவில் ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். கடலோடிகள் அதைத் தலைமுறை தலைமுறையாகப் படித்திருக்கிறார்கள். கடலியல் சொல்வதும் அதையேதான். அண்ணா நகர் நண்பர் அந்தச் சொல்லைத் திரும்பப் பெற வேண்டும்.

ஆனால் தம்பி, அப்பாவின் அறிவு கரையில் நின்று, நேரம் இருக்கும்போது உதவும். 2017 ஒக்கியை நினைத்துப் பாருங்கள். நவம்பர் 29இல் தாழ்வு மண்டலம், மறுநாள் காலை புயல். குமரி மாவட்டத்து ஆழ்கடல் மீனவர்கள் பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கப் போய்விட்டிருந்தார்கள். செல்போன் எட்டாத தூரம். கடலை அவர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் யார்? அலை சொன்னபோது திரும்பி வர நேரம் இல்லை. எத்தனையோ பேர் திரும்பவே இல்லை. “சாட்டிலைட் எதற்கு” என்று யார் கேட்டாலும் எனக்கு அந்த வீடுகள்தான் ஞாபகம் வருகின்றன. அப்பா சொல்வதைக் கேளுங்கள். துறைமுகத்தில் கூண்டு ஏற்றினால் அதையும் கேளுங்கள். இரண்டில் எது முதலில் “போகாதே” என்கிறதோ அதன்படி நடங்கள்.

அண்ணா நகர்: சரி சார், அந்த வார்த்தை தப்பு. ஆனா மொபைல் ஆப்ல 9 நாள் கழிச்சு இன்னொரு புயல் காட்டுது, 40 செ.மீ. மழைன்னு.

நன்றி. 9 நாள் தள்ளி ஒரே ஒரு கணினி மாடல் காட்டும் எண்ணை யாருக்கும் அனுப்பாதீர்கள். ஆறு மணி நேரத்தில் அது வேறு ஊருக்குப் போய்விடும்.

பட்டுக்கோட்டை, தென்னை விவசாயி: கஜா மாதிரி ஆயிடுமா சார்? பயமா இருக்கு.

உங்கள் பயம் புரிகிறது. 2018 நவம்பர் 16 விடியலில் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாட்டில் விழுந்த தென்னைகளுக்கு ஈடு இன்னும் வளர்ந்து முடியவில்லை. இந்த முறை பாதை உங்களுக்கு வெகு வடக்கே. இப்போதைக்குப் பலத்த காற்றுக்கான அறிகுறி உங்கள் பக்கம் இல்லை. எப்போதும் செய்ய வேண்டியது ஒன்று: எச்சரிக்கை வந்ததும் முற்றிய காய்களையும் அடிமட்டைகளையும் இறக்கிவிடுங்கள். தலைப்பாரம் குறைந்த மரம் காற்றைத் தாங்கும். சம்பா வயலில் வடிகால் வாயைத் திறந்து வையுங்கள்.

ஊத்தங்கரை: நாங்க கடல்லேர்ந்து ரொம்ப தூரம். கரையைக் கடந்துட்டா எங்களுக்கு என்ன?

உங்கள் ஊரிலிருந்தே இந்தக் கேள்வியா? ஃபெஞ்சல் கரையைக் கடந்து வலுவிழந்த பிறகுதான் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. பெய்தது. திருவண்ணாமலையில் மண் சரிந்தது, தென்பெண்ணை பெருகி விழுப்புரம் பக்கம் ஊர்கள் மூழ்கின. “கரையைக் கடந்தது” என்ற செய்தியோடு டிவியை அணைத்துவிடாதீர்கள். வலுவிழந்தது என்றால் காற்று குறைந்தது என்று மட்டுமே பொருள், மழை குறைந்தது என்று பொருள் இல்லை.

மேடவாக்கம்: லீவு உண்டா? எங்க கடக்கும்? செம்பரம்பாக்கம் திறப்பாங்களா?

முதல் இரண்டுக்கும் மேலே பதில் இருக்கிறது. ஏரி திறப்பை நீர்வளத்துறை முன்கூட்டியே அறிவிக்கும். அந்தத் தண்ணீர் போகும் அடையாற்றுக் கரையில் இல்லாதவர்கள் பதற வேண்டாம். இருப்பவர்கள் அறிவிப்பு வந்த அன்றே கிளம்புங்கள். கடல்காற்று கரையை நோக்கி அடிக்கும் நேரத்தில் முகத்துவாரத்தில் ஆறு வடியாது.

ராயபுரம்: வர்தா அன்னிக்கு மதியம் காத்து நின்னப்ப எல்லாரும் தெருவுல வந்து போட்டோ எடுத்தோம். ஒண்ணும் ஆகலையே?

அன்று தப்பித்தீர்கள். இந்த முறை வெளியே வராதீர்கள். காற்று நின்று, எதிர்த்திசையில் அடித்து, அதுவும் ஓய்ந்து, அறுந்த கம்பிகளில் மின்சாரம் இல்லை என்று மின்வாரியம் சொன்ன பிறகு வாருங்கள்.

மரக்காணம் பக்கத்துக் குப்பம்: அண்ணா, எங்களது கூரை வீடு, கடலுக்கு நூறு அடி கூட இல்ல. மாமியார் நடக்க மாட்டாங்க. காலைல பாத்துட்டுப் போலாமா?

காலைவரை காத்திருக்காதீர்கள் அம்மா, வெளிச்சம் இருக்கும்போதே, இப்போதே போய்விடுங்கள். காற்று ஏறிய பிறகு ஆட்டோவும் வராது, நடக்க முடியாதவரைத் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது. உங்கள் பக்கத்துப் பல்நோக்குப் பாதுகாப்பு மையமோ பள்ளிக்கூடமோ திறந்திருக்கும். வண்டி வேண்டுமென்றால் 1077க்கு அடித்து ஊர்ப் பெயரையும், நடக்க முடியாதவர் ஒருவர் இருக்கிறார் என்பதையும் சொல்லுங்கள். அவருடைய மாத்திரை, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் ஒரே பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துக்கொள்ளுங்கள். போய்ச் சேர்ந்ததும் இங்கே ஒரு வரி எழுதுங்கள். அதுவரை மற்ற கேள்விகளை நிறுத்தி வைக்கிறேன்.