வாசகர் கேள்வி பதில்: கார்ப் பந்தயம் கற்பிப்பது ஒரு தொழிலாகுமா?

கேள்வி: திருகோணமலை நகரில் ஒரு லேர்னர்ஸில் ஆறு வருடமாகச் சாரதிப் பயிற்சி கொடுக்கிறேன். கார்ப் பந்தயப் பயிற்சியாளராக ஆசை. அதற்குப் பந்தயத்தில் வென்றிருக்க வேண்டுமா? எங்கே தொடங்குவது?
- வாசகர், உவர்மலை

பதில்: வென்றிருக்கத் தேவையில்லை, ஓடியிருக்க வேண்டும். பின்சில்லு வழுக்கும்போது இருக்கைக்கடியில் என்ன தெரியும் என்பதை அனுபவிக்காதவரால் அதை இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுக்க முடியாது.

ஆனால் ஸ்டியரிங்கைத் தொடுமுன், தடத்தோரம் நின்று ஓட்டுபவர்களுக்குக் கொடி காட்டும் வேலைக்குப் போங்கள். தியத்தலாவை பொக்ஸ்ஹில், அநுராதபுரம் சாலியபுர கஜபா சுப்பர்குரொஸ் ஆகிய மண்தடப் பந்தயங்கள், 1934இல் தொடங்கிய நுவரெலியா மஹகஸ்தொட்ட மலையேற்ற ஓட்டம் எல்லாவற்றுக்கும் வளைவுகளில் நிற்க ஆட்கள் தேவை. திருகோணமலையிலிருந்து கிட்டடி அநுராதபுரம்தான், ஏ12 வீதியில் நேரே போகலாம். ஒரே வளைவில் ஒரு நாள் முழுக்க நின்றால், எவர் எங்கே பிரேக் பிடிக்கிறார், எவர் எங்கே தவறுகிறார் என்று கண் பழகும். பயிற்சியாளரின் மூலதனம் அந்தக் கண்தான்.

கொடிகளின் பொருளும் அங்கேயே மனதில் பதியும். மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, முந்தக்கூடாது. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம். நீலம் என்றால் பின்னால் வேகமான கார் வருகிறது. 2024 ஏப்ரல் 21இல் பொக்ஸ்ஹில்லில் ஒரு கார் தடம் விலகிப் பாய்ந்து 7 பேர் இறந்தார்கள், அதில் ஒரு சிறுமியும் அடக்கம். அதை மறந்துவிட்டு எவரும் இந்தத் தொழிலுக்கு வரக்கூடாது.

அடுத்தது, கழகமொன்றில் சேர்ந்து போட்டி அனுமதிப்பத்திரம் எடுத்து, குறைந்த சீசீ வகுப்பில் ஓடுங்கள். தார்த் தடத்தில் முறையாகப் பழக, கடல் தாண்டினால் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை இருக்கிறது: 3.7 கிலோமீற்றர், 12 வளைவுகள். கோயம்புத்தூரில் காரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. இரண்டிலும் பந்தயப் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன.

லேர்னர்ஸ் வேலையை விடவேண்டாம். நம் நாட்டில் பந்தய நாட்கள் வருடத்தில் சில, அதை மட்டும் நம்பினால் அடுப்பு எரியாது. சீனன்குடாப் பக்கம் மா ஆலை, சீமெந்து ஆலை, எண்ணெய்க் குதங்களுக்கு இரவு பகலாகப் பாரவாகனங்கள் வந்து போகின்றன. அவற்றின் சாரதிகளுக்கு அவசர பிரேக், வழுக்கல் பயிற்சி கொடுப்பதும் இதே அறிவுதான், சம்பளமும் ஒழுங்காக வரும்.

கேள்வி: நான் நண்பர்களுக்குத் தடத்தில் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுக்கிறேன். "பிரேக் பிடிக்காதே" என்று கத்தினாலும் வளைவுக்குள் பிரேக் பிடித்துச் சுழல்கிறார்கள். ஏன்?
- வாசகர், உப்புவெளி

பதில்: தவறில் பாதி உங்கள் வசனத்தில் இருக்கிறது. தமிழில் மறுப்பு வினையின் கடைசியில் வருகிறது. "பிரேக் பிடி" வரை அவர் காதில் விழுந்ததுமே கால் இறங்கிவிடும், "காதே" பிறகுதான் வந்து சேரும். ஆகவே செய்யக்கூடாததைச் சொல்லாமல் செய்யவேண்டியதைச் சொல்லுங்கள். "பார்", "பிரேக்", "விடு", "காஸ்" (அக்சிலரேற்றரை மிதி) என்று நாலு சொல் போதும். காரில் ஏறுமுன்பே அவற்றின் பொருளை இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நேரம். 100 கிலோமீற்றர் வேகத்தில் கார் ஒரு செக்கனுக்கு 28 மீற்றர் ஓடும். நீங்கள் சொல்ல ஒரு செக்கன், அவர் கேட்டுக் காலை நகர்த்த இன்னொன்று என்று வைத்தால் 56 மீற்றர் போய்விடும். பிரேக் பிடிக்கவேண்டிய இடத்துக்கு 60 மீற்றர் முன்பே சொல் வாயிலிருந்து வந்திருக்க வேண்டும். லேர்னர்ஸ் காரில் உங்கள் காலடியில் இரண்டாவது பிரேக் உண்டு, பந்தயக் காரில் பெரும்பாலும் இல்லை. அங்கே நாக்குத்தான் உங்கள் பிரேக்.

சுழலுவதற்குக் காரணம் இது: வளைவின் நடுவில் பிரேக்கை மிதித்தாலோ காஸைச் சடுதியாக விட்டாலோ பாரம் முன்சில்லுகளுக்குப் போகும், பின்பக்கம் இலேசாகி வெளியே வீசும். அவர் நடுவில் பிரேக் பிடிப்பது பயத்தில், பயம் வருவது கூடிய வேகத்தில் உள்ளே நுழைந்ததால். நல்ல ரயரோடு 100இல் நிற்க ஏறத்தாழ 40 மீற்றர் வேண்டும், 120இல் 57 மீற்றர் வேண்டும். வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடினாலும் தூரம் கிட்டத்தட்ட பாதி கூடுகிறது. நேர்ப்பாதையிலேயே பிரேக்கை முடித்து, வெளியேறும் இடத்தைப் பார்க்கப் பழக்குங்கள். பார்க்கவேண்டிய திசையைக் கையால் காட்டுங்கள், பேச்சை விட அது வேகமாகப் போய்ச் சேரும். ஒரு ஓட்டம் 15, 20 நிமிடத்தைத் தாண்டவேண்டாம், அதில் ஒரே ஒரு பிழையை மட்டும் திருத்துங்கள்.

கேள்வி: நாலைந்து சுற்றில் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி இறங்குகிறது. பிரேக் பாட் புதுசு.
- கராஜ்காரர், கிண்ணியா

பதில்: பெடல் இறுக்கமாக இருந்தும் கார் நிற்கவில்லையென்றால் பாட் சூடேறிப் பிடி விட்டிருக்கிறது. பெடல் பஞ்சானால் பிரேக் ஒயில் கொதித்து ஆவிக் குமிழி கட்டியிருக்கிறது. குமிழி அமுங்கும், ஒயில் அமுங்காது. டொட் 4 என்ற தரத்துப் பிரேக் ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை வரை கொதிக்காமல் தாங்கவேண்டும். ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த அளவு 155 பாகைக்கு இறங்கலாம். நம் கடற்காற்றில் திறந்து வைத்த போத்தலை எறிந்துவிடுங்கள். ஒவ்வொரு தடநாளுக்கு முன்பும் சீல் உடைக்காத ஒயில் ஊற்றி, காரின் கையேட்டில் உள்ள சில்லு வரிசைப்படி பிரேக் குழாய்களில் உள்ள காற்றை வெளியேற்றுங்கள். கடைசிச் சுற்றைப் பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டிக் குளிரவிடுங்கள். நிறுத்தியதும் ஹாண்ட்பிரேக் போடாமல், கியரில் விட்டு சில்லுக்குக் கட்டை வையுங்கள். சூட்டில் பாட் ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டிருந்தால் டிஸ்க்கில் தடம் பதியும், பிறகு பெடல் துடிக்கும்.

கேள்வி: மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு தடத்தில் ஓடலாமா?
- வாசகர், நிலாவெளி

பதில்: வேண்டாம். ஹெல்மெட்டைச் சோதித்துக் கொடுக்கும் ஸ்னெல் தர முத்திரையில் எம் என்பது மோட்டார் சைக்கிளுக்கு, எஸ்ஏ என்பது காருக்கு. எஸ்ஏ வகையின் உள்துணி தீயைத் தாங்கும், அதன் வெளி ஓடும் காருக்குள் இருக்கும் இரும்புச் சட்டத்தில் மோதுவதற்கென்று சோதிக்கப்பட்டது. பக்கத்தில் இருந்து கற்பிப்பவருக்கும் அதே வகை வேண்டும்.