கேரமுக்கு கம்பெனி ஸ்பான்சர் கட்டுப்படியாகுமா?

பதில் சொல்பவர்: கேரம் போட்டிகள் நடத்தும் அமைப்பாளர்

கேள்வி (வியாசர்பாடி): 2024 கேரம் உலகக் கோப்பையில் சென்னை வீராங்கனை காசிமா 3 தங்கம் வாங்கினாரே, இன்னும் ஏன் கம்பெனிகள் கேரம் பக்கம் திரும்பவில்லை?

பதில்: ஜெயித்தவருக்குத் தமிழக அரசு ரூ.1 கோடி கொடுத்தது, சந்தோஷம். கம்பெனிக்காரர் கணக்கு வேறு: தன் பெயர் எத்தனை பேர் கண்ணில் படும்? உலக சாம்பியன் மரிய இருதயம் 1996-லேயே அர்ஜுனா விருது வாங்கியவர். இன்றைக்குத் தெருவில் நாலு பேரிடம் கேட்டுப் பாருங்கள், எத்தனை பேருக்கு அவரைத் தெரிகிறதென்று.

கேள்வி (மதுரை): கபடிக்கு மட்டும் எப்படி வந்தது?

பதில்: முதலில் டிவி வந்தது. 2014-ல் புரோ கபடியை ஸ்டார் காட்டியது. செல்போன் கம்பெனி விவோ டைட்டில் ஸ்பான்சராக வந்தது 2017-ல். பார்வையாளர் சேர்ந்த பிறகுதான் காசு. நாம் தலைகீழாகக் கேட்கிறோம்.

கேள்வி (கிளப் செயலாளர், சேலம்): பேனரில் பெயர் போடுகிறோம் என்று சொல்லி சிஎஸ்ஆர் நிதி (கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் பணம்) கேட்கலாமா?

பதில்: அங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். சிஎஸ்ஆர் பணத்தை எதற்குச் செலவிடலாம் என்று சொல்லும் கம்பெனிச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் கிராமிய விளையாட்டு, தேசிய அளவில் அங்கீகாரம் பெற்ற விளையாட்டு எல்லாம் உண்டு. ஆனால் அதில் இருக்கும் வார்த்தை ‘பயிற்சி’. ஒருநாள் போட்டி அதற்குள் அடங்காது. விளம்பரப் பலன் கருதிக் கொடுக்கும் ஸ்பான்சர் பணத்தை சிஎஸ்ஆர் விதிகளே ஒதுக்கிவிடுகின்றன. பேனர் ஆசை காட்டினால் விளம்பரப் பிரிவுக்குப் போங்கள். சிஎஸ்ஆர் வேண்டுமானால் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு வருடப் பயிற்சி, எத்தனை போர்டு, கோச் சம்பளம் எவ்வளவு என்று எழுதிக்கொடுங்கள். இரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்தால் இரண்டும் போச்சு.

கேள்வி (திருச்சி): அப்படியானால் நல்ல ஆட்டக்காரர் பிழைப்பது எப்படி?

பதில்: வேலையில். ரிசர்வ் வங்கி, எல்ஐசி, பெட்ரோலிய நிறுவனங்கள், மகாராஷ்டிராவின் ஜல்காவ்ன் ஊரிலுள்ள ஜெயின் இரிகேஷன் கம்பெனி எல்லாம் கேரம் அணி வைத்திருக்கும் இடங்கள். மாதச் சம்பளமும் போட்டிக்கு லீவும் கிடைக்கும். சட்டையில் லோகோ ஒட்டுவதைவிட இதுதான் அசல் ஸ்பான்சர் என்பேன். சங்கங்கள் இதற்குத்தான் முட்டி மோத வேண்டும்.

கேள்வி (தண்டையார்பேட்டை): எங்கள் ஏரியா போட்டிக்கு ஒரு நகைக்கடை பணம் தருகிறது. போர்டு நடுவில் அவர்கள் ஸ்டிக்கர் ஒட்டலாமா?

பதில்: கூடவே கூடாது! ஸ்டிக்கர் விளிம்பில் ஸ்ட்ரைக்கர் தட்டி ஓட்டம் மாறும். போதாததற்கு, நடுவட்டம் ரெட் காய் வைக்கிற இடம். மரச்சட்டத்தின் வெளிப்பக்கம் ஒட்டுங்கள். ஃபைனலை மேலே இருந்து ஒரு போனில் படம்பிடித்து யூடியூபில் போட்டு, கடைக்காரருக்கு அந்த லிங்க்கை அனுப்புங்கள். அடுத்த வருடம் அவரிடம் காட்ட அது ஒன்றாவது கையில் இருக்கும்.